வத்தல் கடைக்காரரின் மூக்கு

என் வீட்டுக்காரர் சங்கரலிங்கத்துக்குப் பெரிய மூக்கு. பெண் பார்க்க வந்த அன்று பலகாரத் தட்டுக்கு மேலே அந்த மூக்குதான் எனக்கு முதலில் தெரிந்தது. "மாப்பிள்ளை எப்படிடி?" என்று அம்மா உள்ளே வந்து கேட்டாள். "மூக்கும் முழியுமாத்தான் இருக்காரு, முழியைவிட மூக்கு கொஞ்சம் ஜாஸ்தி" என்றேன். நறுக்கென்று ஒரு குட்டு விழுந்தது.

அந்த மூக்குதான் எங்கள் பிழைப்பு என்பது பிறகுதான் தெரிந்தது. அருப்புக்கோட்டையில் எங்களுக்கு மிளகாய் வத்தல் கடை. திருச்சுழி, நரிக்குடிப் பக்கத்துக் காடுகளில் விளைகிற வத்தல் சாக்குச் சாக்காக வந்து இறங்கும். இவர் சாக்கைப் பிரித்து ஒரு கைப்பிடி அள்ளிக் கசக்கி மூக்குக்குக் கொண்டுபோவார். "தண்ணி தெளிச்சிருக்கீகளே அண்ணாச்சி" என்பார். கொண்டுவந்தவர் முதலில் எகிறுவார், பிறகு சிரித்துவிடுவார். வீட்டிலும் இதே கூத்துதான். செருப்பைக் கழற்றும்போதே, "ரசத்துக்குப் பெருங்காயம் போடலையா?" என்று கேட்கிற ஆளோடு குடும்பம் நடத்திப் பாருங்கள், என் கோபத்தின் நியாயம் புரியும்.

ஆனால் தங்கமான மனுஷர். கல்யாணமாகிப் பல வருசம் எங்களுக்குப் பிள்ளை இல்லை. ஊர் என்னென்னவோ பேசியது. விசேஷ வீட்டில் என்னை ஒதுக்கி உட்கார வைத்தவர்கள் உண்டு. இவர் ஒரு நாள்கூட ஒரு சொல் சொன்னதில்லை. அப்படி யாராவது வாயைத் திறந்தால், "வா கோகிலா, போவோம், இங்க சாம்பாரு ஊசிப்போன வாடை அடிக்குது" என்று எல்லார் காதிலும் விழச் சொல்லி என்னைக் கூட்டிக்கொண்டு வந்துவிடுவார். அதற்காகவே அவருடைய எல்லாக் கோட்டித்தனத்தையும் நான் பொறுத்துக்கொள்வேன்.

கடைசியில் நாற்பதை நெருங்கும்போது நான் உண்டானேன். அந்தப் பங்குனியில்தான், வத்தல் வரத்து மும்முரமாக இருந்த நேரத்தில், அவருக்குச் சளி பிடித்தது. சாதாரணச் சளிதானே, ஒரு வாரத்தில் போய்விடும் என்றுதான் நினைத்தோம். போகவில்லை. மூக்கு அடைத்தது அடைத்தபடியே கிடந்தது. சாக்குத் தூக்கக் குனிந்தால் நெற்றி விண் விண் என்று தெறிக்கும், கன்னத்து எலும்பு கனக்கும். மஞ்சளாகச் சளி, தொண்டைக்குள் ஒழுகுகிற சளி, காலையில் எழுந்ததும் காறல். "டாக்டர்ட்ட காட்டுங்க" என்பேன். "இருக்கட்டும், இந்தச் சரக்கு போகட்டும்" என்பார். மெடிக்கலில் சொல்லி இரண்டு மாத்திரை வாங்கி விழுங்குவார், கொஞ்சம் குறையும், மறுபடி வரும்.

ஆவணியில் மகள் பிறந்தாள். இவருடைய அம்மா பெயரையே வைத்தோம், கனகலட்சுமி என்று. கூப்பிடுவது கனகு.

கார்த்திகையில் ஒரு சாயங்காலம் கனகு வீரிட்டு அழுதாள். பால் கொடுத்தேன், தோளில் போட்டு நடந்தேன், வயிற்றுக்கு ஓமத் தண்ணீரும் கொடுத்துப் பார்த்தேன், நிறுத்தவில்லை. அன்று மத்தியானம் கடைப் பழக்கத்து ஆட்கள் நாலைந்து பேர் வந்து பிள்ளையைப் பார்த்துவிட்டுப் போயிருந்தார்கள். "கண்ணு பட்டுருச்சு" என்று இவர் முடிவு கட்டிவிட்டார். சொந்தக் குடோன் இருக்கும்போது அடுப்படி வத்தல் எதற்கு? குடோனுக்கே போய் நல்ல குண்டு வத்தலாகக் காம்போடு எடுத்து வந்தார். உப்பு, கடுகு, தெருமண் எல்லாம் சேர்த்துப் பிள்ளையைச் சுற்றி, வாசலில் வைத்திருந்த தணலில் போட்டார்.

எங்கள் பக்கத்துக் கணக்கு உங்களுக்கும் தெரிந்திருக்கும். வத்தல் கருகும்போது நெடி ஏறினால் ஒன்றுமில்லை. நெடியே வராவிட்டால் பொல்லாத கண் பட்டிருக்கிறது என்று அர்த்தம்.

"கோகிலா! நெடியே இல்லடி! எந்தப் பாவி கண்ணு வச்சானோ!" என்று வாசலில் இருந்து சத்தம் போட்டார். இன்னொரு கை அள்ளிப் போட்டார். அதற்கும் நெடி இல்லையாம். மறுபடி ஒரு கை.

உள்ளே எனக்கு மூச்சு முட்டியது. பிள்ளையை முந்தானையால் மூடிக்கொண்டு பின்வாசல் வழியாக ஓடினேன். பக்கத்து வீட்டுத் தங்கலட்சுமி அக்கா இருமிக்கொண்டே தெருவுக்கு வந்துவிட்டார். எதிர்வீட்டுத் தறி நின்றது. "ஏ கோகிலா! தெருவையே காலி பண்ணச் சொல்றாரா உன் வீட்டுக்காரரு?" என்று அக்கா கத்தினார். யாரோ ஒரு குடம் தண்ணீரைத் தணலில் கவிழ்த்தார்கள். இவர் மட்டும் கண் சிவந்து, கன்னத்தில் நீர் வழிய, ஒன்றும் புரியாமல் நின்றார். வருசக்கணக்காகக் குடோனிலேயே கிடந்ததில் தொண்டைக்கு நெடி மரத்துப்போயிருந்தது. கண் எரிந்ததைப் பிள்ளைக்காக அழுகிறோம் என்று நினைத்துக்கொண்டாராம். இந்த ஆளை என்ன செய்வது?

நான் சும்மா விடவில்லை. பெருங்காய டப்பாவைத் திறந்து மூக்குக்குக் கீழே நீட்டினேன். தலையை ஆட்டினார். தலையில் இருந்த மல்லிகைப் பூவை உருவி நீட்டினேன். அதற்கும் தலையை ஆட்டினார். "எத்தனை நாளா இப்படி?" என்று கேட்டேன். அப்போதுதான் விசயம் வெளியே வந்தது. வத்தலைக்கூட மாசக்கணக்காக முகர்ந்து பார்ப்பதுபோல் பாவனைதான் செய்துகொண்டிருந்திருக்கிறார்.

மறுநாள் காலை துவைத்த துணியோடு உள்ளே வந்தேன். தொட்டிலுக்குள் குனிந்து, கனகுவின் உச்சந்தலையில் அந்தப் பெரிய மூக்கை வைத்து அழுத்திக்கொண்டிருந்தார்.

"கோகிலா, பிள்ளை வாசம் எப்பிடி இருக்கும்?"

"பால் வாசந்தான். வேற எப்பிடி இருக்கும்?" என்றேன், வேலை அவசரத்தில்.

"அது தெரியும். எப்பிடின்னு சொல்லு."

வாசத்தை எப்படி வார்த்தையில் சொல்வது? அவர் நிமிராமலேயே பேசினார். "பொறந்த அன்னைக்கு நர்ஸம்மா கையில குடுத்தாக. மோந்து பாத்தேன், ஒண்ணுமே தெரியல. சளி போனா தெரியும்னு இருந்தேன். இத்தன வருசம் காத்துக் கெடந்து பெத்த பிள்ளை. அதோட வாசம் தெரியாமலே அது வளந்துருமோன்னு பயமா இருக்குடி."

வத்தல் மூட்டை சரிந்து கால்விரல் நசுங்கியபோதுகூட அவர் குரல் அப்படி உடைந்து நான் கேட்டதில்லை. ஈரத் துணியை அப்படியே போட்டுவிட்டு அடுப்படிக்குப் போய் அழுதேன். பெற்ற அன்றிலிருந்து நான் எந்நேரமும் இலவசமாக முகர்ந்துகொண்டிருந்த ஒன்று அந்த மனுஷருக்குக் கிடைக்கவே இல்லை என்பது எனக்குத் தாங்கவில்லை.

அதற்கப்புறம் ஆரம்பித்தது வைத்தியம். முதல் வைத்தியர் தங்கலட்சுமி அக்காதான். நெடியில் இருமின கோபமெல்லாம் போய், ஓடையோரத்தில் நொச்சி ஒடித்துக்கொண்டு வந்தார். இவர் நொச்சி இலை போட்டு ஆவி பிடித்தார். சுக்கை இழைத்து நெற்றியில் பற்றுப் போட்டார். கடையில், "என்ன அண்ணாச்சி, பட்டை ஒரு பக்கமாப் போயிருக்கு?" என்று திருநீறாக நினைத்துக் கேட்டார்கள். மிளகு ரசம், சுக்கும் கருப்பட்டியும் போட்ட காப்பி என்று நானும் என் பங்குக்கு ஊற்றிக்கொடுத்தேன். ஆவியும் ரசமும் நிஜமாகவே சுகம் தந்தன. அரைமணி, ஒருமணி நேரம் மூக்கு விடும், தலை லேசாகும், பிறகு பழையபடி அடைத்துக்கொள்ளும்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்துகிற ஆளா? விரலி மஞ்சளை விளக்கில் சுட்டு அந்தப் புகையை இழுத்தார், இருமல்தான் மிச்சம். சந்தையில் யாரோ சொன்னார்கள் என்று தும்பைச் சாற்றை மூக்குக்குள் விட்டுக்கொண்டு முற்றத்தில் குதித்தார். "ஒரு நேரத்துல ஒண்ணு செய்யுங்களேன்" என்று தலையில் அடித்துக்கொண்டேன். "எது கேக்கும்னு யாருக்குத் தெரியும்? எல்லாம் செஞ்சா ஒண்ணு கேக்குமில்ல" என்றார்.

தை பிறந்து ஒரு காலையில் எழுந்தபோது அவருடைய வலது கண்ணின் இமை வீங்கியிருந்தது. உடம்பும் சுட்டது. கனகுவை இடுப்பில் வைத்துக்கொண்டு, அவர் கையைப் பிடித்து ஆட்டோவில் ஏற்றினேன்.

காது மூக்கு தொண்டை பார்க்கிற டாக்டரம்மா ஊருக்குள்ளேயே இருந்தார். குழாய் விட்டுப் பார்த்தார், படம் எடுக்கச் சொன்னார். "கண்ணு வீங்கறவரைக்குமா வீட்டுல வச்சிருப்பீங்க?" என்று என்னைத் திட்டினார். நான் இவரைப் பார்த்தேன். இவர் தரையைப் பார்த்தார்.

பிறகு டாக்டரம்மா பொறுமையாக விளக்கினார். நெற்றிக்குப் பின்னாலும் கன்னத்துக்குப் பின்னாலும் காற்று நிற்கிற சின்னச் சின்ன அறைகள் இருக்கின்றனவாம். ஒவ்வொன்றுக்கும் மூக்குக்குள் ஒரு சிறிய வாசல். தூசியாலும் சளியாலும் அந்த வாசல் வீங்கி அடைத்துக்கொண்டால், உள்ளே ஊறுகிற சளி வெளியே வர வழியில்லாமல் தேங்கிக் கெட்டுப்போகும். அதுதான் இந்த வலி. வாசம் பிடிக்கிற இடம் மூக்கின் உச்சியில் இருக்கிறது, அங்கே காற்றே போகவில்லை.

"புரியுது" என்றார் இவர். "கதவு வீங்கித் தொறக்க மாட்டேங்குது, உள்ள ஈரச் சரக்கு பூசணம் பிடிச்சுக் கெடக்கு. நம்ம குடோன் மாதிரி."

டாக்டரம்மா சிரித்துவிட்டார். "அதேதான். குடோனுக்குள்ள புகை போட்டா சரியாகுமா? கதவைத் தொறந்து கழுவணும்."

கண் வரை வந்துவிட்டதால் ஆன்டிபயாடிக் மாத்திரை கட்டாயம், நடுவில் நிறுத்தாமல் சாப்பிட வேண்டும், எல்லாச் சளிக்கும் அந்த மாத்திரை கூடாது என்றார். வீக்கம் வற்ற மூக்குக்குள் அடிக்கிற மருந்து ஒன்று கொடுத்தார். வீட்டு வைத்தியத்தைப் பழிக்கவில்லை. ரசம் குடிக்கலாம், சுக்குக் காப்பி குடிக்கலாம். ஆவி பிடிக்கலாம், வெறும் தண்ணீரே போதும், பிள்ளை பக்கத்தில் இல்லாத நேரத்தில், சட்டியைத் தரையில் அசையாமல் வைத்து. புகை மட்டும் எந்தப் புகையும் கூடாது, மூக்குக்குள் சாறோ எண்ணெயோ விடவே கூடாது. கொதிக்கவைத்து ஆறிய தண்ணீரில் கொஞ்சம் உப்புப் போட்டுத் தினமும் மூக்கைக் கழுவ வேண்டும். குடோனுக்குள் போனால் மாஸ்க் போட வேண்டும்.

"வாசம் வருமா?" இவர் கேட்டது அது ஒன்றைத்தான்.

"வரலாம். நாளாகும். சிலருக்கு வராமலும் போகுது, பொய் சொல்ல மாட்டேன்" என்றார் டாக்டரம்மா. தினம் காலையும் மாலையும் நன்றாக மணக்கிற சாமான் நாலைந்தை எடுத்து, அதன் வாசத்தை மனதில் நினைத்துக்கொண்டே முகர்ந்து பழகச் சொன்னார். மூக்குக்கும் பயிற்சி வேண்டுமாம்.

மூக்குக் கழுவுகிற காட்சியை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். முற்றத்தில் தலையைச் சாய்த்து நிற்பார். ஒரு துவாரத்தில் ஊற்றினால் மறு துவாரத்தில் தண்ணீர் ஒழுகும். அந்தப் பெரிய மூக்கில் அது ஒரு குற்றால அருவி. கனகு முதன்முதலாக வாய்விட்டுச் சிரித்தது அதைப் பார்த்துத்தான். அவள் சிரிக்கிறாள் என்று இவர் இன்னொரு தரம் ஊற்றிக்கொண்டார்.

தலைவலி போனது. மூக்கு திறந்தது. குறட்டைகூட நின்றது. கடையில் யார் தும்மினாலும் பிடித்து உட்கார வைத்து, குடோன், கதவு, பூசணம் என்று பாடம் எடுக்க ஆரம்பித்தார். ஆனால் வாசம் வரவில்லை. எலுமிச்சம்பழத் தோல், கிராம்பு, காப்பித்தூள், மல்லிகைப்பூ என்று நான்கையும் ஒரு தட்டில் வைத்துக்கொடுப்பேன். கண்ணை மூடி ஒவ்வொன்றாக முகர்வார். ஐந்தாவதாகக் கனகுவின் தலை. அதை டாக்டர் சொல்லவில்லை, இவராகச் சேர்த்துக்கொண்டது. "ஏதாச்சும்?" என்று கண்ணாலேயே கேட்பேன். உதட்டைப் பிதுக்குவார். பிறகு கடைக்குக் கிளம்பிவிடுவார்.

இப்படியே பங்குனி உத்திரம் வந்துவிட்டது. திருச்சுழிக்கு அப்பால் காட்டுக்குள் எங்கள் குலதெய்வம் பேச்சியம்மன் கோயில். கனகுவுக்கு அங்கேதான் முதல் மொட்டை. பங்காளிகள் எல்லாரும் சேர்ந்து அம்மனுக்கு ஒரு பெரும்பானைப் பொங்கல் வைப்போம். அதைக் கிண்டுகிறவர் வாயில் துணி கட்டிக்கொள்ள வேண்டும். பேசக்கூடாது, ருசி பார்க்கக்கூடாது. அம்மனுக்கு முன்னால் யார் நாக்கும் அதைத் தொடக்கூடாது. அதனால் பாகு முதிர்ந்ததா, நெய் போதுமா என்பதெல்லாம் வாசத்தில்தான். எங்கள் கல்யாணத்துக்கு முன்பிருந்தே கரண்டி இவர் கையில்தான்.

இந்த வருசம் அவராகவே கரண்டியைத் தம்பி ஜெயக்குமாரிடம் நீட்டினார். "மூக்கு இல்லாதவன் அம்மனுக்குக் கிண்டக் கூடாதுலே. நீ கிண்டு."

"அண்ணே, எனக்கு என்ன தெரியும்?" என்று என் கொழுந்தனார் திகைத்தார். இவர் அவர் தோளைத் தட்டிவிட்டு வேப்பமரத்தடிக்குப் போய் உட்கார்ந்துகொண்டார். சொந்த மகளின் மொட்டைக்கு அந்தப் பொங்கலைத் தன் கையால் வைக்க எத்தனை வருசம் ஆசைப்பட்டிருப்பார் என்று எனக்குத் தெரியும். "பேச்சி, உனக்குக் கண் இருக்கா?" என்று அம்மனிடமே சண்டை போட்டேன்.

என் அண்ணன் மடியில் உட்கார வைத்துக் கனகுவுக்கு மொட்டை அடித்தார்கள். ஊரையே கூட்டுகிற அழுகை. குளிப்பாட்டி, தலை நிறையச் சந்தனம் பூசி இவர் மடியில் கொண்டுபோய்ப் போட்டேன். அப்பா மடி என்றதும் அழுகை நின்றது. இவர் சந்தனத் தலைக்கு மேலே மூக்கைக் கொண்டுபோனார். வழக்கம்போல உதட்டைப் பிதுக்கினார். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு பாத்திரம் கழுவப் போய்விட்டேன்.

கொஞ்ச நேரம் இருக்கும். மரத்தடியில் இருந்து சத்தம் வந்தது.

"ஏலே ஜெயக்குமாரு! அடிப்பிடிக்குதுலே! தீயை இழு, தீயை இழு!"

எல்லாரும் பானையைப் பார்த்து ஓடினோம். ஜெயக்குமார் பயத்தில், மூச்சுக்கூடப் பட்டுவிடக் கூடாது என்று வாயோடு மூக்கையும் சேர்த்துக் கட்டியிருந்தார். கண் மட்டும் திருதிருவென்று முழித்தது. "மதினி" என்று சொல்லக்கூட வழியில்லாமல் என்னைப் பார்த்துக் கையை விரித்தார். நான் விறகை வெளியே இழுத்தேன். இழுத்த கை அப்படியே நின்றது. மரத்தடி எங்கே, பானை எங்கே. காற்று இங்கிருந்து அங்கே வீசுகிறது. உட்கார்ந்த இடத்தில் இருந்து இவருக்குப் பானை தெரியவே தெரியாது.

விறகைப் போட்டுவிட்டுத் திரும்பி ஓடினேன்.

இவர் கனகுவின் தலையில் மூக்கைப் புதைத்திருந்தார். தோள் குலுங்கியது. மூக்கு நுனி முழுக்கச் சந்தனம். முகர்ந்தார், எடுத்தார், மறுபடி முகர்ந்தார். கழுத்து மடிப்பு, உள்ளங்கை, வயிறு என்று ஓர் இடம் விடவில்லை. பிள்ளை கூச்சத்தில் கெக்கெக்கே என்று சிரித்தாள்.

"தெரியுதா?" என்றேன்.

"லேசா. லேசாத்தான் தெரியுது. சந்தனம் தெரியுது. பால் தெரியுது." நிமிர்ந்து பார்த்தார். கண்ணீரும் சந்தனமும் ஒன்றாக வழிந்தது. "நீ பால் வாசம்னு மட்டுந்தான சொன்ன? மூத்திர வாடையும் அடிக்குதேடி!"

"வேட்டியைப் பாருங்க முதல்ல" என்றேன். மடி முழுக்க நனைத்து வைத்திருந்தாள் மகள். நான் அழுதேனா சிரித்தேனா, எனக்கே தெரியாது.

கரியாத மேல் பொங்கலாக அள்ளி அம்மனுக்குப் படைத்தோம். பேச்சி கோபித்துக்கொண்ட மாதிரி தெரியவில்லை. அடிப்பிடித்ததைக் கொட்டப் போன ஜெயக்குமாரைத் தடுத்து, இவர் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார், முகர்ந்து முகர்ந்து. திரும்பி வரும்போது வேனில் எல்லாரும் மூக்கைப் பொத்திக்கொண்டு, "அண்ணாச்சி, மாத்து வேட்டி இருக்குல்ல, மாத்துங்க" என்றார்கள். "வீட்டுக்குப் போயி மாத்திக்கிறேன்" என்றார். வீட்டுக்கு வந்தும் மாற்றவில்லை.